முகம் பார்த்து நடந்த குதிரை

பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு நாலடி உள்ளேயே வண்டி நின்றுவிட்டது.

ஜூன் மாதத் தூறல். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள். முன்பலகையில் அப்பா ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முழங்கால் மடங்காது. வண்டியின் பின்படியில் ஆயா புட்டம்மா கம்பியைப் பிடித்தபடி தொற்றிக்கொண்டிருந்தாள். அக்ரஹாரத்தில் ஆறு பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருப்பார்கள். வராந்தாவில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏர்க்கால்களுக்கு நடுவே செவலை. பள்ளிக்கூட வண்டிக்கு வந்த புதுக் குதிரை. லாயத்திலிருந்து கேட்டு வரை அதன் தலைப்பக்கமாக நான் நடந்து வந்தேன். அதுவும் ஒழுங்காகக் கூடவே வந்தது. இனி அது அப்பாவின் பொறுப்பு என்று நான் விலகி, வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கொள்ளுக் கறை படிந்த பழைய புடவையை மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும்.

அவ்வளவுதான். செவலை நின்றது. பக்கவாட்டில் பார்க்கவிடாத கண்பட்டைக்குள்ளிருந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி என்னைத் தேடியது. அப்பா லகானை ஆட்டினார். அது முன்னால் போகாமல் பின்னால் வந்தது. பின்சக்கரம் கேட்டுத் தூணில் இடித்தது. புட்டம்மா குதித்து இறங்கினாள்.

"ஏனு மாரப்பா, உன் குதுரெ முன்னால ஹோகாதா?" என்று கன்னடமும் தமிழுமாக அப்பாவைக் கேட்டாள்.

அப்பா சாட்டையை உயர்த்தினார். 'அடிக்காதீங்க' என்றேன். அவ்வளவு மட்டும். அதன் பின்னால் வர வேண்டிய 'அப்பா' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே விட்டுவிட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செவலை வந்த விதம்

ஒரு விடுமுறையில் நான் குதிரை பழக்கினேன் என்று இந்தத் தொடரில், போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு மூன்று கடிதங்கள். ஒருவர் நம்பவில்லை. ஒருவர் பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். மூன்றாமவர் எப்படிப் பழக்கினேன் என்று கேட்டிருக்கிறார். மூன்றாமவருக்காக எழுதுகிறேன். பாதியைத் தப்பாகப் பழக்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மைசூரில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி வண்டி இருந்தது. பக்கங்களில் திரை. வெளியே தனியாக நடக்க அனுமதியில்லாத வீட்டுப் பெண்களை அந்த வண்டிதான் கூட்டிவந்து கொண்டுபோய் விடும். அதை ஓட்டியவர் என் அப்பா. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் பிழைப்புக்காக மைசூர் வந்தவர். மாடு தெரிந்தவர் குதிரையும் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூட மதிலுக்குள், லாயத்தை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை வீடு. அந்த வீட்டில் இருந்ததால்தான் எனக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். வகுப்பில் முதல் இடமும் பெரும்பாலும் எனக்குத்தான். இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை.

பழைய குதிரை மாசியில் செத்துப்போயிற்று. பள்ளிக்கு வேண்டிய ஒரு பெரிய வீட்டார் தங்கள் சவாரிக் குதிரை ஒன்றைத் தானமாக அனுப்பினார்கள். நல்ல செம்பழுப்பு நிறம். நெற்றியில் விரல் வைத்த மாதிரி ஒரு வெள்ளை. அப்பா ஊரில் மாடுகளுக்கு வைக்கிற பெயரையே அதற்கும் வைத்தார். அது எவரையோ கீழே தள்ளியதால்தான் தானத்துக்கு வந்தது என்பது பிறகு தெரிந்தது. வண்டியில் ஒருநாளும் பூட்டியதில்லை.

வந்த நாலாம் நாள் அப்பா சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போய் அதன் இடுப்பில் கை வைத்தார். மாட்டுக்கும் பழைய குதிரைக்கும் அது பழக்கம். செவலை உதைத்தது. முழங்கால் சில்லு நகர்ந்துவிட்டது. முட்டை வெள்ளையையும் உளுந்து மாவையும் குழைத்துக் கட்டுப் போட்டார்கள். அப்பா கட்டிலில் விழுந்தார்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கட்டிலருகே வந்து நல்லவிதமாகத்தான் சொன்னார். பள்ளி திறக்கும் நாளில் வண்டி ஓடவேண்டும். ஓடாவிட்டால் வெளியாள் ஒருவரை வண்டியோடு அமர்த்த வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கு வீடும் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வீடு போனால் ஹனூர். ஹனூருக்குப் போனால் களைக்கொத்து. நான் வேறெதையும் யோசிக்கவில்லை. மறுநாள் காலை அப்பாவின் பழைய கோட்டைப் புடவைமேல் போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனேன்.

கூடைமேல் உட்கார்ந்த நாட்கள்

முதல் வாரம் நான் குதிரையைத் தொடவே இல்லை. தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. லாயத்துக்கு வெளியே கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சரித்திரப் பாடத்தை வாய்விட்டுப் படித்தேன். செவலை முதலில் சுவரைப் பார்த்து நின்றது. இரண்டாம் நாள் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. நாலாம் நாள் இரண்டு காதும். ஒரு வாரம் கழித்து, பாடம் நடக்கும்போதே கழுத்தை நீட்டி என் புத்தகத்தின்மேல் மூச்சு விட்டது. வேகவைத்த கொள்ளின் வாசனையோடு, சூடான மூச்சு. பக்கம் ஈரமாகிவிட்டது. நான் அசையாமல் இருந்தேன்.

பிறகு கையை விரித்து உள்ளங்கையில் கொள்ளு வைத்து நீட்டினேன். அதன் உதடு இலவம்பஞ்சுபோல மெதுவாக என் கையைத் துழாவியது. பயந்து கையைச் சட்டென்று இழுத்தால் அதுவும் பயந்தது. நான் பொறுமையாக நின்றால் அதுவும் நின்றது. நேருக்கு நேர் போனால் பின்வாங்கும். தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நின்றால் தானே வரும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தினமும் பாடக்குறிப்பு எழுதுவதுபோல ஒரு நோட்டில் எழுதிவைத்துக் கண்டுபிடித்தேன். ஒன்றை அது சரியாகச் செய்த உடனே அன்றைய பாடத்தை முடித்துவிட வேண்டும், சலிக்கும் வரை இழுக்கக்கூடாது என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது.

விடுமுறையில் அந்த மதிலுக்குள் யாருமே இருக்கமாட்டார்கள். விடுதி பூட்டியிருக்கும். மைதானத்தில் மயில்கொன்றை சிவப்பாகப் பூத்து, பார்க்க ஆளில்லாமல் உதிரும். வீட்டிலும் நான் தனிதான். நான் படிக்கப் படிக்க எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் புத்தகத்தை எடுத்தால் அம்மா பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் வைப்பாள். அப்பாவுக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் நிற்பதுபோல நின்று தொண்டையைக் கனைப்பார். அவர்களுக்கு நான் ஓர் அதிகாரி ஆகிவிட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும் அழுகை வந்தது.

ஆகவே, காலையில் நான் லாயத்தின் பக்கம் வரும்போது ஓர் உயிர் தலையைத் தூக்கி என் முகத்தைத் தேடிப் பார்த்தது என்றால், அது எனக்கு எவ்வளவு பெரியது என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

மூட்டைகளுக்கு வைத்த பெயர்

இரண்டாவது மாதத்தில் செவலை கழுத்துக் கயிற்றோடு மைதானத்தைச் சுற்றி வந்தது. நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. பிறகு வாரைப் பூட்டி ஒரு மரக்கட்டையை இழுக்க வைத்தேன். பின்னால் சத்தம் கேட்டு மிரண்டபோதெல்லாம் அதன் முகத்துக்கு எதிரே வந்து நின்று பேசினேன். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கும்.

கடைசியில் வண்டி. உள்ளே ஆறு மணல் மூட்டைகள் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் வண்டியில் வருகிற ஒரு பெண்ணின் பெயர். எல்லாவற்றிலும் பெரிய மூட்டைக்கு ஜானகி என்று பெயர் வைத்தேன். அவள் பெருமாள் கோயில் தெருவுக்காரி; வகுப்பில் என் பெஞ்சில்தான் உட்காருவாள். நான் தவறினால் வகுப்பில் அவள்தான் முதல். 'ஜானகி, சாய்ந்து உட்காராதே' என்று மூட்டையை அதட்டுவேன். அந்த விடுமுறையில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அப்பா ஒருநாள் கோலை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"பொறத்தால நின்னு பேசு அம்மிணி. ஓட்டறவன் மூஞ்சிய வண்டிக் குதிரை பாக்கறதில்லை."

"பின்னால போய் நின்னதாலதானே உங்க முழங்கால் போச்சு" என்றேன்.

அவர் கோலைத் திருப்பி ஊன்றிக்கொண்டு உள்ளே போனார். அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். பின்னால் போனால் செவலை என்னைப் பார்க்காது. எனக்கு அது பார்க்க வேண்டும். நான் செய்த தப்பு இதுதான். வண்டி இழுக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நான் இல்லாமல் ஓரடி எடுத்துவைக்காதிருக்கவே அதற்குக் கற்றுக்கொடுத்தேன்.

விட்டுப்போன சொல்

இனிக் கேட்டருகே நின்ற வண்டிக்கு வருகிறேன்.

'அப்பா' என்று நான் சொல்லாததற்குக் காரணம் இது. வகுப்பில் சேர்ந்த புதிதில், உன் அப்பா என்ன செய்கிறார் என்று ஜானகி கேட்டாள். ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். வீட்டுக்கு வெளியே, வகுப்புப் பெண்கள் இல்லாத இடத்திலும், 'அப்பா' என்று கூப்பிடாமலே பழகிவிட்டேன். நான் மதிலுக்குள்ளேயே இருந்ததால் வண்டியில் ஏற வேண்டியதில்லை. புட்டம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. பிள்ளைகள் இருக்கும்போது அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். நான் அவரிடம் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலே செய்தார்.

சாட்டையை அவர் மெல்ல இறக்கினார். வராந்தாவிலிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அப்ப நீயே முன்னால நட" என்றார்.

நான் கொள்ளுக் கறைப் புடவையும் பழைய கோட்டுமாகக் கடிவாளத்தைப் பிடித்தேன். செவலை பெருமூச்சு விட்டுவிட்டு என் பின்னால் வந்தது. கேட்டைத் தாண்டினோம்.

அக்ரஹாரத்துத் தெருவில் கோலங்கள் தூறலில் கரைந்துகொண்டிருந்தன. கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பெண் ஏறினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குதிரையைப் பார்த்தேன்.

ஜானகி படியிலேயே நின்றுவிட்டாள். "பழனி, நீ ஏண்டி குதிரையைப் பிடிச்சுண்டு வரே?"

நான் குதிரையின் பிடரியைத் தடவுவதில் முனைந்தேன். மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "புதுக் குதிரைங்கம்மா, மெரளுது. இந்த அம்மா எரக்கப்பட்டு ஒத்தாசைக்கு வந்திருக்குது."

இந்த அம்மா. தான் பெற்ற மகளை அப்படிச் சொன்னார். நான் திருத்தவில்லை. தூறலில் நனைந்த புடவை காலைச் சுற்ற, வண்டியைப் பள்ளிக்கூடம் வரை கூட்டிவந்து சேர்த்தேன்.

அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பழக்கியது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபிக்கவில்லை. ஆனால் ஒரு மாணவி தினமும் தெருவில் குதிரைக்கு முன்னால் நடப்பதை அவர் அனுமதிக்க முடியாது. இரண்டு வாரம் தருகிறேன், அதற்குள் வண்டி தானாக ஓடாவிட்டால் முன்பு சொன்னபடிதான் என்றார். காலையில் வகுப்புக்குத் தாமதமாக வர அதுவரை அனுமதி.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் காலை, ஆறு பேரும் ஏறியபின் பெரிய தெருவுக்குத் திரும்பினோம். எதிரே ஒரு கல்யாண ஊர்வலம். பாண்டு வாத்தியக்காரர்கள் முனையில் திரும்பியதும் எங்களைப் பார்க்காமல் ஒரேயடியாக முழங்கினார்கள்.

செவலை முன்கால்களைத் தூக்கியது. அப்பாவுக்கு உதைபட்ட ஞாபகம் வந்திருக்கும். இரண்டு லகானையும் முழுப் பலத்தோடு இழுத்துப் பிடித்தார். கடிவாளம் அதன் வாயைக் கிழிப்பதுபோல் பின்னுக்கு இழுபட்டது. இழுக்க இழுக்க அது பின்னால் சாய்ந்தது. ஏர்க்கால் கிறீச்சிட்டது. உள்ளே பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள்.

"அப்பா, லகானை விடுங்க. விட்டுடுங்கப்பா."

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா விட்டார். செவலையின் கால்கள் கீழே வந்தன. நான் அதன் கன்னத்தில் கையை வைத்து, சரித்திரப் பாடத்தில் வாய்க்கு வந்த பகுதியைச் சொல்லிக்கொண்டே நின்றேன். அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. பாண்டுக்காரர்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள்.

திரை விலகியது. ஜானகியின் முகம்.

"அப்பாவா?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

திரை மூடியது. அன்று வகுப்புக்குப் போனபோது என் பெஞ்சில் ஜானகியின் புத்தகங்கள் இல்லை. நான் வண்டிக்காரர் மகள் என்பதாலா, பொய் சொன்னவள் என்பதாலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கேட்ட நாளிலிருந்து உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் இருந்தது.

முன்பலகையில் இருவர்

மறுநாளிலிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தேன். முதலில் அதன் முகத்துக்கு நேராக நடந்தவள், தோள் பக்கம் நடந்தேன். பிறகு ஏர்க்கால் பக்கம். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில். கண்பட்டையைத் தாண்டி நான் மறைகிற இடத்தில் செவலை நிற்கும். நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பேன். காது பின்னால் திரும்பும், யோசிக்கும், ஓரடி எடுத்துவைக்கும். அந்த ஓரடி வைத்ததும் அப்பா லகானைத் தளர்த்துவார். அதுதான் அதற்குக் கூலி.

ஒரு வாரத்தில் நான் முன்பலகையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஆனால் குரல் என்னுடையதாக இருந்தால் பயனில்லை. அப்பா பேசவேண்டும்.

"என்னத்தப் பேசறது?" என்றார்.

எதையாவது பேசுங்கள் என்றேன். முதல் நாள் 'நட', 'நில்லு' என்பதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் மெதுவாக ஆரம்பித்தார். ஹனூரில் தன் அண்ணனோடு கம்பங்காட்டுக்குக் காவல் போனது, ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போன சிறுத்தை, மைசூருக்கு நடந்து வந்தபோது கொள்ளேகாலத்தில் செருப்பு அறுந்தது. எல்லாவற்றையும் குதிரையின் முதுகைப் பார்த்துச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தும் எனக்குத் தெரியாத கதைகள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றைக்கூட என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒருமுறை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, "செவலே, அம்மிணிக்கு நம்ம ரெண்டு பேர் மேலயும் கோவம். பாத்துப் போ" என்றார். பின்படியில் புட்டம்மா சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம்.

கெடுவின் கடைசி நாள்

அன்று நான் குளித்து, வெள்ளைப் புடவை உடுத்திப் புத்தகங்களோடு கேட்டருகே நின்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வராந்தாவில் நின்றார். அப்பா செவலையிடம் ஏதோ பேசிக்கொண்டே வண்டியை ஓட்டி வந்தார்.

வண்டி ஓடினால்தான் எனக்கு வீடு, படிப்பு, பரீட்சை எல்லாம். அதற்காகத்தான் மூன்று மாதம் பாடுபட்டேன். ஆனாலும் கேட்டருகே வந்தபோது, செவலை நிற்க வேண்டும், ஒரே ஒரு தரம் கழுத்தைத் திருப்பி என்னைத் தேட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் நான் இந்தத் தொடரையே எழுதியிருக்க வேண்டியதில்லை.

அது நிற்கவில்லை. அதன் காது பின்னால், அப்பாவின் பேச்சின்மேல் இருந்தது. ஒரு கை தூரத்தில் என்னைத் தாண்டிப் போயிற்று. அப்பாவும் பழக்கம்போல என் பக்கம் திரும்பாமலே போனார். இனிமேல் திரும்பலாம் என்று நான் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

லாடச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. முதல் மணி அடித்தார்கள். நான் வகுப்புக்குப் போய், காலியாக இருந்த பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்தேன்.